கார் ஓட்டும்போது கைபேசியில் வழி பார்ப்பதும் பேசுவதும்

கேள்வி: விழுப்புரம் வழியாகத் திருச்சிக்குத் தனியாகக் காரில் செல்லும்போது, கைபேசியில் வழி பார்ப்பதும் புளூடூத் மூலம் அலுவலக அழைப்புகளுக்குப் பதில் சொல்வதும் குற்றமா, எந்த அளவுக்கு ஆபத்து என்பதை அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பதில் 1: ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் கைபேசியைப் பயன்படுத்தலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 2020இல் திருத்தப்பட்டன. கையில் பிடித்துப் பேசுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படி குற்றம்.

பதில் 2: சட்டம் இருக்கட்டும் ஐயா, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறது, குறுஞ்செய்தியை நான்கே நொடி பார்த்தாலும் ஏறத்தாழ 90 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். சாலையின் நடுத்தடுப்பு இடைவெளியில் மாடு ஒன்று குறுக்கே வர அது போதும். புளூடூத்தும் தீர்வன்று: அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட சோதனையில், கைபேசியைப் பிடித்துப் பேசியவர்களும் பிடிக்காமல் பேசியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் சிவப்பு விளக்கைத் தவறவிட்டனர்.

பதில் 3: புறப்படுமுன்பே சேருமிடத்தைப் பதிந்து, குரலில் வழி சொல்லும் வசதியை இயக்கி, அழைப்புகளை நிறுத்தி வைத்துவிடுங்கள். அவசரமாகப் பேச வேண்டுமெனில் உணவகம் ஒன்றின் வளாகத்துக்குள் வண்டியை நிறுத்திப் பேசலாம்; நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்துவது இன்னொரு ஆபத்து.