மறு: கேமரா ‘ரூமர்’ – வதந்தி வேண்டாம், அரசல் என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

புது கேமரா வருவதற்கு முன்னால் நடக்கும் பேச்சுகளுக்கு என்ன சொல் வைப்பது என்று ஓடும் இந்த இழையை முழுக்கப் படித்தேன். இதுவரை அதிகம் பேர் தலையாட்டிய பட்டியல் இது:

> ரூமர் – வதந்தி
> லீக் – கசிவு
> எம்பார்கோ – வெளியீட்டுத் தடை

கசிவு சரி. வினாத்தாள் கசிவு என்று செய்தித்தாள்கள் பழக்கிவிட்ட சொல், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்ற இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் வதந்தி. வடமொழியில் கிம்வதந்தி என்றால் ‘என்ன பேசிக்கொள்கிறார்கள்’ என்பது மட்டும்தான். பாலக்காட்டுப் பக்கம் மலையாளத்தில் இன்றும் அதை முழுசாகக் கிம்வதந்தி என்றே எழுதுகிறார்கள். தமிழில் தலை உதிர்ந்து வதந்தி ஆனதோடு, பொய் என்ற தீர்ப்பும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. ‘வதந்திகளை நம்பாதீர்’, ‘வதந்தி பரப்பினால் கடும் நடவடிக்கை’ என்று போலீஸ் அறிவிப்பில்தான் அந்தச் சொல்லை நாம் அதிகம் பார்க்கிறோம். புரளி அதற்கும் ஒரு படி மேல். கிளப்பிவிட்டவன் வேண்டுமென்றே செய்தான் என்று அர்த்தமாகிவிடும்.

கேமரா உலகத்துப் பேச்சு அப்படிப்பட்டது இல்லை. கேனான் ஆர்5 கதையை நினைத்துப் பாருங்கள். 8கே வீடியோ, உடம்புக்குள்ளேயே ஆட்டம் தாங்கும் சென்சார், மின்னணு ஷட்டரில் நொடிக்கு 20 படம் என்று முதலில் பேச்சு வந்தபோது, ‘நடக்கிற காரியமா’ என்று பலர் ஒதுக்கினார்கள். 2020 பிப்ரவரி 13 அன்று கேனானே அந்த கேமரா உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அறிவித்தது. 8கே, 20 படம், ஆட்டம் தாங்கும் சென்சார் எல்லாம் அந்த அறிவிப்பில் இருந்தன. ஜூலை 9 அன்று கேமராவை முழு விவரத்தோடு அறிமுகப்படுத்தினார்கள். முன்பு நடந்த அந்தப் பேச்சை வதந்தி என்று எழுதியிருந்தால், தமிழில் படித்தவர் அது பொய் என்று முடிவுகட்டிப் போயிருப்பார். மெய்யா பொய்யா என்பது இன்னும் தெரியாத செய்திக்கு, அந்தத் தெரியாமையை அப்படியே வைத்திருக்கும் சொல் வேண்டும். என் வாதம் இதுதான்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்கலாம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் பாலக்காட்டு ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் கல்யாண போட்டோ எடுப்பவர்களில் பலர் தமிழில்தான் படிக்கிறார்கள். ஆவணி பிறந்தால் அதுவே மலையாளிகளுக்குச் சிங்ங மாதம். எல்லையின் இரண்டு பக்கமும் முகூர்த்தம் நெருங்கி வரும். அதற்கு முன்னால் கடன் வாங்கி ஒரு கேமரா பாடி (லென்ஸ் இல்லாத உடம்பு) எடுப்பார்கள். ‘அண்ணா, இப்ப எடுத்துக்கலாங்களா, கொஞ்சம் பொறுக்கட்டுங்களா?’ என்பதுதான் கேள்வி. கடையில் கேட்டால், கையிருப்பு தீரும்வரை ‘புது மாடல் எதுவும் வரலைங்க’ என்ற பதில்தான் வரும். கடைக்காரருக்கே தெரிந்திருக்காது என்பதும் உண்மை. புதுசு அறிவித்த அன்றே பழைய பாடிக்கு செகண்ட் ஹேண்டில் ரேட் இறங்கிவிடும். ஆக, இந்தப் பேச்சை எடைபோடத் தெரிவது இவர்களுக்குப் பிழைப்பு சம்பந்தப்பட்டது.

கம்பெனிகள் வாயை மூடி வைத்திருப்பதற்கும் இதே காரணம்தான். அமெரிக்காவில் ஆஸ்போர்ன் கம்ப்யூட்டர் நிறுவனம் அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசி, கையில் இருந்த சரக்கு விற்காமல், 1983இல் திவாலானது என்று சொல்வார்கள். வேறு காரணங்களும் இருந்தன என்று பின்னால் எழுதியவர்கள் உண்டு. ஆனாலும் முந்திப் பேசி வியாபாரம் கெடுவதற்கு அந்த நிறுவனத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

அவ்வளவு மூடியும் எப்படி வெளியே வருகிறது? ஒரு வழியை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். இன்றைய கேமராவில் வைஃபையும் புளூடூத்தும் இருப்பதால், விற்கும் நாட்டின் வானொலி அலை அதிகார அமைப்பில் சான்று வாங்க வேண்டும். அமெரிக்காவில் அது எஃப்.சி.சி. என்ற அரசு ஆணையம். அங்கே உள்ள பதிவுகள் பொதுவில் இருக்கும். கேமராவின் விற்பனைப் பெயர் அங்கே வராது. கேனானின் லென்ஸ் மாற்றும் கேமரா என்றால் ‘டி.எஸ்.126’ என்று தொடங்கும் எண் போல ஒன்றுதான் வரும். உள்படம், வெளிப்படம், பயனர் கையேடு மூன்றையும் 180 நாள் வரை மறைத்து வைக்கச் சொல்லிக் கேட்க கம்பெனிக்கு இடம் உண்டு. ஆனால் லேபிள் எங்கே ஒட்டப்படும் என்று காட்டும் கோட்டுப்படம் சில சமயம் வெளியே நின்றுவிடும். அந்தக் கோட்டில் கேமராவின் அடிப்பகுதி வடிவம் தெரியும்; டிரைபாடு திருகு ஓட்டையை அளவுகோலாக வைத்து உடம்பின் அகலத்தைக் கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். இப்படி அரசுப் பதிவை வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னதை வதந்தி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சரி, மாற்று என்ன? மூத்த நண்பர் ஒருவர் இதே இழையில் அம்பல், அலர் இரண்டையும் முன்வைத்திருக்கிறார். அழகான யோசனை. சிலர் மட்டும் தமக்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊரே வாய்விட்டுப் பேசினால் அலர். அம்பலும் அலரும் களவை, அதாவது மறைவான காதலை, வெளிப்படுத்துபவை என்று தொல்காப்பியம் களவியலில் சொல்கிறது. குறளில் அலரறிவுறுத்தல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. மறைவு, முணுமுணுப்பு, ஊர்ப்பேச்சு என்ற வரிசை கேமரா வெளியீட்டுக்கும் அச்சாகப் பொருந்துகிறது, மறுக்கவில்லை.

ஆனால் ஐயா, எங்கள் ஊரில் இந்தச் சொல் நடக்காது. இங்கே அம்பலம் என்றால் கோயில். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த பையனுக்கு அம்பல் என்று எழுதிக் காட்டினால், ‘ம்’ விட்டுப்போச்சுங்க என்று திருத்தித் தருவான். மலையாளமே தெரியாத தமிழருக்கும் சிக்கல் இருக்கிறது: ‘அம்பலமாகிவிட்டது’ என்றால் ரகசியம் முழுக்க உடைந்தது என்று பொருள். அரைகுறையாக வெளிவந்ததைக் குறிக்க வைத்த சொல், முழுக்க வெளிவந்ததைச் சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அலருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அம்பல் என்ற துணை இல்லாமல் அது தனியாக நடக்காது. அதில் காதல் வாசனையும் போகாது.

என் முன்மொழிவு: அரசல்.

‘அரசல்புரசலாகக் கேள்விப்பட்டேன்’ என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் செய்தி பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மெய் என்று சத்தியமும் செய்வதில்லை. காதில் விழுந்தது, முழுசாக இல்லை, எங்கிருந்து என்று உறுதியில்லை – அவ்வளவுதான். நமக்கு வேண்டியது அதுவேதான். ‘புது நிக்கான் பற்றி ஓர் அரசல்’, ‘அரசல் செய்தி’, ‘அரசல் தளம்’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கில் தடங்கல் இல்லை. தனியாக அரசல் என்று யார் சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். இன்று யாரும் சொல்வதில்லைதான். இரட்டைச் சொல்லின் முதல் பாதியை வெட்டி எடுத்தாலும் மீதிப் பாதி நினைவுக்கு வந்துவிடுவதால், புரியாமல் போகாது என்பது என் நம்பிக்கை.

இன்னொரு வசதியும் இருக்கிறது. கேனான் ரூமர்ஸ் தளம் தன் செய்திகளுக்கு சி.ஆர்.1, 2, 3 என்று நம்பகத்தைக் குறித்துப் போடுகிறது; சோனி ஆல்பா ரூமர்ஸ் எஸ்.ஆர். என்று 1 முதல் 5 வரை போடுகிறது. எண் ஏற ஏற உறுதி கூடும். வதந்தி 3 என்று எழுதினால் மிகப் பெரிய பொய் என்று படும். அரசல் 3 என்றால் அந்தக் குழப்பம் இல்லை. தமிழில் எழுதும் நாமும் எண் போடும் பழக்கத்தைத் தொடங்கினால் நல்லது. படிப்பவர் எந்த அளவு நம்பிப் பணம் போடலாம் என்று அவரே பார்த்துக்கொள்வார்.

அப்புறம் எம்பார்கோ. வெளியீட்டுத் தடை என்றால், மேலே இருந்து ஒரு அதிகாரி தடுத்துவிட்டார், எப்போது விலகும் என்று தெரியாது என்ற எண்ணம் வருகிறது. நடப்பது வேறு. விமர்சனம் எழுதுபவர் கையில் கேமரா முன்கூட்டியே வந்துவிடும், சில சமயம் பெயரின்மேல் கறுப்பு டேப் ஒட்டி. படம் எடுத்து, எழுதி, வீடியோ வெட்டி வைத்துவிடுவார். குறித்த நாளில் குறித்த மணிக்கு உலகம் முழுக்க எல்லோரும் ஒன்றாக வெளியிடுவார்கள். ஒப்புக்கொண்டு காத்திருப்பது அது. மீறினால் அடுத்த முறை கேமரா வராது.

> செய்தி விலக்கு என்று வைத்தால் என்ன?

என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். மலையாளத்தில் விலக்கு என்றால் தடை. கிரிக்கெட் வீரருக்கு விலக்கு என்றால் ஆடக்கூடாது. தமிழிலும் மதுவிலக்கு, ஊர்விலக்கு இரண்டிலும் அந்தப் பொருள் மிச்சம் இருக்கிறது. ஆனால் வரிவிலக்கு என்ற சொல் அதைத் தூக்கி விழுங்கிவிட்டது. செய்தி விலக்கு என்று படித்தால், இவருக்கு மட்டும் சலுகை போல என்று நினைப்பார்கள். எல்லையில் ஒரே அறிவிப்பை இரண்டு மொழியிலும் படிப்பவர்களுக்கு நேர் எதிர்ப் பொருள் கிடைக்கும்.

நான் சொல்வது செய்திக்காப்பு. மாரியம்மன் நோம்பிக்குச் சாட்டி, காப்புக் கட்டிவிட்டால், வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் விலங்கு போடவில்லை. ஊர் கூடி ஒப்புக்கொண்டது, என்றைக்குக் காப்பு அவிழும் என்று எல்லோருக்கும் தெரியும். எம்பார்கோவின் குணமும் இதேதான். செய்திக்காப்பில் இருக்கிறது, காப்பு மீறினார், காப்பு அவிழ்ந்தது என்று வினையோடு சேர்த்து எழுதலாம். காப்புரிமையோடு குழம்பும் என்பவர்களுக்கு: முன்னால் ‘செய்தி’ இருக்கும்வரை குழப்பம் வராது.

கம்பெனியே பாதி சொல்லி பாதி மறைக்கும் அறிவிப்புக்கு உருவாக்க அறிவிப்பு என்பதே போதும். நிக்கான் 2018 ஜூலை 25 அன்று அப்படித்தான் தன் முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) மிரர்லெஸ் கேமரா வருவதைச் சொல்லி, ஆகஸ்ட் 23 அன்று இசட்7, இசட்6 இரண்டையும் காட்டியது. கேனான் ஆர்3க்கும் 2021 ஏப்ரலில் இதே முறை. அந்தக் கோடையில் டோக்கியோ ஒலிம்பிக் மைதானத்தில் போட்டோகிராபர்கள் கையில் இருக்கப்போகும் கேமராவை எப்படியும் மறைத்திருக்க முடியாது.

ஆந்திராவில் நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தெலுங்கு பேச்சுக்கு நடுவே அரசல், காப்பு இரண்டும் எப்படிக் காதில் விழுகின்றன, வேறு பொருள் ஏதாவது குறுக்கே வருகிறதா என்று அங்கே ஸ்டூடியோ வைத்திருப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்தப் பதில் வந்த பிறகு சொற்பட்டியலில் ஏற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து