இன்சூரன்ஸ் முடிந்த காருக்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாமா?

தர்மபுரி_வாசி: என் கார் பாலிசி போன வாரம் முடிந்தது. பழைய கம்பெனி மெசேஜ் அனுப்பியது. அது அவர்கள் வேலை, சரி. மறுநாளில் இருந்து முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டு வண்டி நம்பர், மாடல், முடிந்த தேதி எல்லாம் ஒப்பிக்கிறார்கள். விற்பனை அழைப்பே வேண்டாம் என்று டிஎன்டி (DND) பட்டியலில் பதிந்தவன் நான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2018 விதிப்படி என் சம்மதம் இல்லாமல் விற்பனைக்கு அழைக்கக் கூடாது. அழைப்பவர்களும் 140-ல் தொடங்கும் எண்ணில் வர வேண்டும். இவை எல்லாம் சாதாரணப் பத்து இலக்க எண்கள்.

பாலக்கோடு_டிரைவர்: தம்பி, தொல்லைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தொப்பூர் கணவாயில் தினமும் வண்டி ஓட்டுகிறவன் நான். இன்சூரன்ஸ் இல்லாத கார் எங்கள் ஊர்க் கூலிக்காரர் ஒருவரை இடித்தது. கோர்ட் நஷ்டஈடு போட்டது, வாங்க வழியில்லை. கார்க்காரரிடம் அந்தப் பழைய காரைத் தவிர ஒன்றும் கிடையாது. அபராதம் முதல் தடவை 2,000, அடுத்து 4,000. அதற்கு யார் பயப்படுகிறார்கள்? பத்து பேர் கூப்பிட்டு ஒருவர் கட்டினாலும் எனக்குச் சந்தோஷம்.

தர்மபுரி_வாசி: அண்ணா, இன்சூரன்ஸ் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பர் போட்டால் பாலிசி தேதி தெரியும், போன் நம்பர் தெரியாது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது யார்? அப்புறம், "இன்றைக்கே கட்டாவிட்டால் நோ கிளைம் போனஸ் போய்விடும்" என்று ஒரு பெண் மிரட்டினார். கிளைம் வாங்காதவர்களுக்குத் தரும் அந்தத் தள்ளுபடிக்கு, பாலிசி முடிந்த பிறகும் 90 நாள் அவகாசம் இருக்கிறது. இப்படிப் பேசுகிறவர்கள் தரும் பாலிசி அசல்தான் என்று எப்படி நம்புவது?

ஓசூர்_செகண்ட்ஸ்: பழைய கம்பெனி மட்டும்தான் கூப்பிடலாம் என்றால் எங்களைப் போன்றவர்கள் கதி? செகண்ட்ஹேண்டில் கார் வாங்கினேன், பாலிசியில் இருந்தது முந்தைய ஓனர் நம்பர். நினைவூட்டல் எல்லாம் அவருக்கே போனது. வெளி ஏஜெண்ட் ஒருவர் கூப்பிட்டதால்தான் எனக்குத் தெரிந்தது.

தர்மபுரி_வாசி: வண்டி கைமாறினால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதைச் செய்திருந்தால் மெசேஜ் உங்களுக்கே வந்திருக்கும். அப்படியும் விட்டுப்போகும் என்றால் ஆர்டிஓ அலுவலகமே அனுப்பட்டும்: தேதி முடிந்தது, புதுப்பியுங்கள். விலையும் வேண்டாம், லிங்க்கும் வேண்டாம்.

பாலக்கோடு_டிரைவர்: அரசே அனுப்பினால் எனக்கும் சம்மதம். அது வரும் வரைக்கும் கூப்பிடுகிறவர்களை நிறுத்தச் சொல்லாதே.

தர்மபுரி_வாசி: நிறுத்தத்தான் சொல்வேன் அண்ணா. அந்த எண்களைப் பற்றி, தொல்லை அழைப்புகளுக்கான 1909 எண்ணில் புகார் செய்துவிட்டேன்.