'காம்பிடன்ஸ்' தமிழில் என்ன? கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது

ஓசூர்:
நண்பர்களே, வணக்கம். ஆலைகளில் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தரும் தர மேலாளர்களுக்காக ஒரு கையேடு தயாராகிறது. தர மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 9001:2015-இல் 7.2ஆம் பிரிவின் தலைப்பு 'காம்பிடன்ஸ்' (competence). அறிவையும் திறனையும் பயன்படுத்தி, நினைத்த விளைவைக் கொண்டுவரும் ஆற்றல் என்பது வரையறை. 'திறன்' என்று போட வழியில்லை. அது வரையறைக்குள்ளேயே ஒரு பகுதியாக நிற்கிறது. 'தகுதி' என்றால் ஐ.டி.ஐ. சான்றிதழை நீட்டுகிறார்கள். நல்ல சொல் தாருங்கள்.

யாழ்ப்பாணம்:
இங்கே அதற்குச் சொல் எப்போதோ வந்துவிட்டது: தேர்ச்சி. பாடசாலை ஆசிரியர் வழிகாட்டிகளில் 'தேர்ச்சி', 'தேர்ச்சி மட்டம்' என்றுதான் இருக்கிறது. புழக்கத்தில் உள்ளதை விட்டுப் புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

ஓசூர்:
> தேர்ச்சி
தமிழ்நாட்டில் தேர்ச்சி என்றால் பாஸ். வகுப்பு முடிந்ததும் கேள்வித்தாள் கொடுத்து, யாருக்கு எந்த வேலை தெரியும் என்று காட்டும் அட்டவணையான ஸ்கில் மேட்ரிக்ஸில், எழுதியவர் பெயருக்கு நேரே கட்டத்தை நிரப்பிவிடும் பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. தேர்ச்சி என்று எழுதினால் அந்தப் பழக்கத்துக்கு நாமே முத்திரை குத்தியதாகும். தந்த பயிற்சி பலித்ததா என்று மதிப்பிடச் சொல்கிறது 7.2.

கோவை:
தேர், தெரி, தேறு மூன்றும் ஒரு வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் துணிபு. ஆனால் வள்ளுவர் ஒரே குறளில் இரண்டைப் பிரித்து ஆள்கிறார்: "தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்" (509). தேர்தல், ஆராய்கிறவன் செயல். தேறுதல், ஆராய்ந்து நம்புதல். மேலாளர் தேர்கிறார், தொழிலாளி நம்பத்தக்கவராகத் தேறுகிறார். "பையன் தேறிவிட்டான்" என்று இன்றும் சொல்கிறோமே! சங்கப் பாடல்களின் 'தேறல்'கூடக் கள்ளின் தெளிவுதான். ஆகவே 'வினைத்தேற்றம்' என்று வையுங்கள்.

திருச்சி:
ஐயா, பொருள் நன்றாகவே இருக்கிறது. ஆனால் தேற்றம் என்றதும் எங்கள் பையன்களுக்குப் பித்தகோரஸ்தான் நினைவுக்கு வருவார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பழகாத ஆட்களுக்கு வேலை கற்றுத்தர நான்கு படி வகுத்தார்கள். ஆளைத் தயார்செய், செய்து காட்டு, அவரைச் செய்ய விடு, பிறகு போய்ப் பார். கற்பவர் கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பது அதன் அடிப்படை. நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை, அளவான அழுத்தத்துக்கு மேல் நழுவிவிடும் நுனித் திருகான ராட்செட்டில் திருப்பித்தான் மூட வேண்டும், அளவுக்கோடுகள் உள்ள சுழல் உருளையான திம்பிளை இறுக்கினால் அளவு குறைத்துக் காட்டும். இதைத் தாளில் எழுதுபவரும் இயந்திரத்தருகே போனதும் திம்பிளைத்தான் பிடிக்கிறார். மூன்றாம் படியில் அவர் கை செய்ய வேண்டும், வாய் காரணம் சொல்ல வேண்டும். 'காம்பிடன்ஸ்' என்றே எழுதிவிட்டு, "தானாகச் சரியாகச் செய்கிறார், ஏன் என்றும் சொல்கிறார்" என்று கீழே போடுங்கள்.

கோவை:
மைக்ரோமீட்டர் ஒரு கருவியின் பெயர், அப்படியே இருக்கட்டும். மனிதர் ஆற்றலுக்குத் தமிழில் சொல் கிடைக்காது என்பதை ஏற்க மாட்டேன்.

யாழ்ப்பாணம்:
'பணித்தேர்ச்சி' என்றால்? பரீட்சை நினைப்புக் குறையும்.

ஓசூர்:
தனிமடலில் வந்தவற்றிலும் இதற்கே ஆதரவு கூடுதல். தலைப்பு பணித்தேர்ச்சி, கீழே திருச்சி நண்பரின் வரி. இன்றிரவு அச்சகத்துக்கு அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

கோவை:
முன்னால் 'பணி' சேர்த்ததால் தேர் தேறாகிவிடாது. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் வினைத்தேற்றத்தை மீண்டும் எடுங்கள்.

திருச்சி:
கையேடு வந்ததும் ஷிஃப்டில் கேட்கிறேன், பணித்தேர்ச்சி என்றால் என்னவென்று. பரீட்சை என்று யாராவது சொன்னால் இங்கே மறுபடி எழுதுவேன்.