பக்கத்து வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள்: சென்னையிலிருந்து அமெரிக்கா சென்றிருக்கும் பெற்றோருக்கு

வேளச்சேரியிலும் பெருங்குடியிலும் இருந்து அமெரிக்காவுக்குச் செல்லும் இளம் குடும்பங்கள் வாடகை, காப்பீடு, ஓட்டுநர் உரிமம், பள்ளிச் சேர்க்கை என எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். குழந்தை உள்ளவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை மட்டும் எவரும் கேட்பதில்லை. டெக்சாஸில் பிள்ளைகளை வளர்த்துவிட்டு சென்னைக்குத் திரும்பியவள் என்ற உரிமையில் அதை நானே எழுதுகிறேன்.

சென்னையில் காவல் ஆணையரின் உரிமம் பெற்றால்தான் துப்பாக்கி வைத்திருக்க முடியும். தேர்தல் வந்துவிட்டால் அதையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கி வாசலில் நிற்கும் காவலாளியின் தோளைத் தவிர வேறெங்கும் நம்மில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. அமெரிக்காவிலோ பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் நால்வர் துப்பாக்கி உள்ள வீட்டில் வாழ்கிறார்கள். கொரோனா பெருந்தொற்று தொடங்கிய 2020 மார்ச் மாதத்தில் மட்டும் துப்பாக்கி வாங்குவது தொடர்பாக, கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வழியே நடந்த பின்னணிச் சோதனைகள் 37 லட்சம். அதற்கு முன் எந்த ஒரு மாதத்திலும் அத்தனை நடந்ததில்லை. அதே மாதத்தில்தான் பள்ளிகளும் மூடப்பட்டன. முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கிய பலரின் வீடுகளில், பெற்றோர் ஓர் அறையில் அலுவலகக் கூட்டத்தில் இருக்க, குழந்தைகள் மற்ற அறைகளில் நாள் முழுவதும் தனியாக உலவினார்கள்.

உங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லை என்பதால் இது உங்களுக்குத் தொடர்பில்லாதது என்று எண்ணிவிடாதீர்கள். பெருந்தொற்றில் பள்ளி இல்லாத நாட்களில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பரவியது. அப்படியோ, விளையாடவோ உங்கள் குழந்தை போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். பிறர் வீட்டு விவகாரத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வளர்ப்பு தடுக்கும். ஆனால் வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் உண்டா, முகக்கவசம் அணிகிறீர்களா என்றெல்லாம் பெருந்தொற்றின்போது தயக்கமின்றி விசாரித்துக்கொண்டோம் அல்லவா? அதே போல், "எங்கள் பையன் எதையும் திறந்து பார்க்கும் வயதில் இருக்கிறான், உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே பெற்றோருக்கு அறிவுறுத்துகிறது. பதில் திருப்தி தராவிட்டால் சண்டை வேண்டாம். பிள்ளைகள் பூங்காவிலோ உங்கள் வீட்டிலோ விளையாடட்டும்.

"பிள்ளைக்கு எட்டாத இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறோம்" என்பது போதுமான பதில் அன்று. துப்பாக்கி இருக்குமிடம் தம் குழந்தைக்குத் தெரியாது என்று உறுதியாகச் சொன்ன பெற்றோரில் 39 சதவீதத்தினரின் பிள்ளைகள் அந்த இடத்தைச் சரியாக அறிந்திருந்தனர் என 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் ஊரில் சேலை மடிப்புக்குள் வைத்த பீரோ சாவியை வீட்டுப் பிள்ளைகள் கண்டுபிடிப்பதில்லையா? "துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, அறையை விட்டு வெளியே வா, பெரியவரிடம் சொல்" என்று கற்பிப்பது அவசியம்தான்; ஆனால் கற்பிக்கப்பட்ட பிள்ளைகளும் கையில் எடுத்துவிடுகிறார்கள் என்பது ஆய்வுகளில் தெரியவந்திருப்பதால், பூட்டின் வேலையை அறிவுரையிடம் விட முடியாது.

சொந்தமாக வாங்க நினைப்பவர்கள் முதலில் சட்டத்தைப் பாருங்கள். எச்1பி, எச்4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. குழந்தை இருக்கும் வீட்டில் துப்பாக்கி வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அதையும் மீறி வைத்திருப்பவர்கள் தோட்டாக்களை அகற்றி, துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டி, தோட்டாக்களை வேறோர் இடத்தில் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்; சாவியும் பூட்டின் ரகசிய எண்ணும் பெரியவர்களிடம் மட்டும் இருக்க வேண்டும். துப்பாக்கிக்குள் கோத்துப் பூட்டும் கேபிள் பூட்டைப் பல ஊர்களில் காவல் துறையே இலவசமாகத் தருகிறது. திருடன் வந்தால் உடனே எடுக்க வேண்டும் என்று நிரப்பிய துப்பாக்கியைத் தலையணை அருகே வைப்போர் உண்டு; அது திருடனுக்கு முன் குழந்தையின் கைக்கு எட்டும்.

சிறு குழந்தைகளைவிட வளரிளம் பருவத்தினரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். புது நாடு, நண்பர்களும் இல்லை. துப்பாக்கியால் நிகழும் தற்கொலை முயற்சிகளில் பத்தில் ஒன்பது உயிரைப் பறித்துவிடுகின்றன. வேறு பல வழிகளில் முயல்வோருக்குப் பிழைத்து, உதவி பெற்று மீள அவகாசம் கிடைக்கிறது. பிள்ளை சோர்ந்தோ ஒதுங்கியோ இருப்பதாகத் தோன்றினால் மருத்துவரிடம் பேசுங்கள். துப்பாக்கி இருந்தால் சட்டம் அனுமதிக்கும் வழியில் அதை அன்றே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கும் இதையெல்லாம் சொல்லிவையுங்கள். பகலில் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அழைத்துப் போவது பெரும்பாலும் அவர்கள்தான். எந்தெந்த வீடுகளில் விசாரித்துவிட்டீர்கள் என்பதையும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய 911 என்ற எண்ணையும், உங்கள் வீட்டு முகவரியையும் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.