அந்த வாரம் புத்தகம் வரவில்லை

காவிரிக்கரை:

கல்கி பத்திரிகையில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது வாரா வாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்தவள் எங்கள் பாட்டி. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை வருஷக் கதை. அச்சில் ஐந்து பாகம். எங்கள் வீட்டில் ஏழு. பைண்டர் தடிமனைப் பார்த்துப் பிரித்தாரே தவிர பாகத்தைப் பார்த்துப் பிரிக்கவில்லை. ‘கொலை வாள்’ எங்கே முடிந்து ‘மணிமகுடம்’ எங்கே தொடங்குகிறது என்பதில் எனக்கு இன்றுவரை தடுமாற்றம்தான்.

ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், திருவையாற்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைத்தான் படித்தேன். ஒரு பக்கம் மணியம் வரைந்த படம், அதன் முதுகிலேயே கூந்தல் தைல விளம்பரம். குந்தவையைத் திருப்பினால் இருமல் மருந்து.

இரண்டாம் தொகுதியில், கோடிக்கரையிலிருந்து பூங்குழலி வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி இலங்கைக்குக் கூட்டிப்போகிற இடத்தில் அச்சு நின்றுபோய் ஒரு வெள்ளைத் தாள் வரும். அதில் பாட்டியின் கையெழுத்து. “இந்த வாரம் புத்தகம் வரவில்லை. எதிர்வீட்டு மாமி சொன்ன கதை” என்று தலைப்பு. சித்தப்பா பிறந்த வாரமாம். பிரசவ வீட்டில் யார் போய்ப் பத்திரிகை வாங்குவது? தாளின் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தாள். நடுக்கடலில் வந்தியத்தேவனுக்குத் தலைசுற்றல், குமட்டல். பூங்குழலி மடியிலிருந்து ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய் எடுத்துக் கொடுத்து, “வாயில் அடக்கிக்கொள், விழுங்கிவிடாதே” என்கிறாள். வாணர் குலத்து வீரன் நார்த்தங்காயைச் சப்பிக்கொண்டே இலங்கை போய்ச் சேர்கிறான்.

கல்லூரி நூலகத்தில் அச்சுப் புத்தகம் கிடைத்தபோது முதலில் அந்த இடத்தைத்தான் தேடினேன். படகு இருந்தது, கடல் இருந்தது, நார்த்தங்காய் இல்லை. கல்கி மேலேயே கொஞ்சம் வருத்தமாகப் போய்விட்டது.

சரி, உங்களுக்கு? பக்கம் கிழிந்தோ, அடுத்த பாகம் கிடைக்காமலோ பாதியில் நின்ற நாவல் ஏதாவது உண்டா? காதல், சரித்திரம், துப்பறிதல், சின்ன வயசுப் புத்தகம், எதுவானாலும் சொல்லுங்கள்.

கிரைம் பைத்தியம்:

உண்டா என்றா கேட்கிறீர்கள்? கோயம்புத்தூர்க்காரனிடம்?

எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை நூல் நிலையம் இருந்தது. ராஜேஷ்குமார் எங்கள் ஊர்க்காரர் என்பதால் அவர் நாவல்களுக்கு அங்கே தனி அலமாரி. அவர் எழுதும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒற்றைப்படை அத்தியாயத்தில் ஒரு கதை, இரட்டைப்படை அத்தியாயத்தில் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை, கடைசியில் இரண்டும் ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும். அந்த முட்டலுக்காகத்தான் மொத்த நாவலும்.

நான் எடுத்த பிரதியில் பதினோராம் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் “டாக்டர்தான்” என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதன் கீழே வேறொரு கையெழுத்தில் “பொய். நம்பாதே.” அதற்கும் கீழே நீல மையில் “நான் முடித்துவிட்டேன். டாக்டரேதான்.” ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டு கதையும் நெருங்கி, நெருங்கி, அப்புறம் பின்னட்டை. கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.

காலையில் ஓடிப்போய்க் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கடைசியா எடுத்தது நீதான். அப்போ கிழிச்சதும் நீதான்” என்று இரண்டு ரூபாய் அபராதம் போட்டார். டாக்டர்தானா என்று இன்றுவரை தெரியாது. நாவலின் பெயரும் மறந்துவிட்டது. அவர் எழுதியது ஆயிரத்தைத் தாண்டும், எங்கே போய்த் தேட?

மாயாவி 72:

எனக்குக் கடைசிப் பக்கம் பிரச்சினை இல்லை, முதல் பக்கம்தான்.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. எனக்கு வந்து சேர்ந்தது மாமா பையன்கள் மூன்று பேர் படித்து முடித்த பிரதி. முதல் சில பக்கங்கள் போய்விட்டிருந்தன. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும் என்ற அடிப்படைச் சங்கதி அந்தப் பக்கங்களில்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. ஒரு கை மட்டும் தனியாகப் பறந்து வருகிறது, துப்பாக்கியைப் பிடுங்குகிறது, கழுத்தை நெரிக்கிறது. வெட்டுப்பட்டுச் செத்தவனின் கை பேயாக அலைகிறது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். நடுவில் ஒரு ஆள் ஸ்விட்ச் பெட்டிக்குள் கையை விடுவான். பேய் படுத்தும் பாடு தாங்காமல் பாவம் சாகப் போகிறான் என்று நினைத்தேன். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று தோன்றவே இல்லை.

நாற்பது வயசுக்கு மேல் மறுபதிப்பு வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் என் பேய்க் கதை இதைவிட ஒரு படி மேல்.

சுன்னாகத்துப் பெடியன்:

எங்கள் ஊரில் மின்நிலையமே இருந்தது. ஆனால் 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணம் முழுக்க இருட்டுத்தான். மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் கொஞ்சம் எண்ணெய், மூடியில் துளைபோட்டு ஒரு திரி. அதுதான் விளக்கு. வீட்டுக்கு ஒரு விளக்கு என்றால் ஒரு ஆள்தான் வாசிக்கலாம். ஆகவே பெரியம்மா உரத்து வாசிப்பா, நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றியிருந்து கேட்போம். இந்தியாவிலிருந்து புதுப் புத்தகங்கள் வருவது நின்றுபோன காலம். பழைய பைண்டிங் புத்தகங்கள்தான் வீடு வீடாகச் சுற்றின.

அப்படித்தான் சாண்டில்யனின் ‘கடல் புறா’ முதல் பாகம் எங்களிடம் வந்தது. இளையபல்லவன், கலிங்கம், கப்பல், வாள் சண்டை. பெரியம்மாவின் குரலில் வாள் சண்டை கேட்கவேண்டும், விளக்கே நடுங்கும். ஆனால் காஞ்சனாதேவி வந்ததும் அவவுக்குத் தொண்டை கட்டிவிடும். இரண்டு செருமல், ஒரு மிடறு தண்ணீர், பிறகு இரண்டு மூன்று பக்கத்தைச் சேர்த்துப் பிரட்டிவிட்டு, “பிறகு விடிஞ்சிட்டுது” என்று சொல்லித் தொடருவா. மாமாவும் அப்பாவும் இருந்தால் செருமல் இன்னும் கூட. எங்கள் கதையில் இளையபல்லவன் அவவைப் பார்ப்பான், உடனே விடியும். பல நாட்கள் அப்படி விடிந்திருக்கிறது.

இரண்டாம் பாகம் கோண்டாவிலில் ஒரு வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சொல்லி வைத்திருந்தோம். 1995 ஒக்டோபர் கடைசியில் சண்டைக்குத் தப்பி, எங்கள் ஊர் இருக்கிற வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது. சைக்கிளில் என்னத்தை ஏற்றுவது, என்னத்தை விடுவது? முதல் பாகமும் அலுமாரிக்குள் நின்றுவிட்டது.

பல வருடம் கழித்து ரொறன்ரோ நூலகத்தின் தமிழ்ப் பகுதியில் மூன்று பாகமும் ஒன்றாக நிற்கக் கண்டேன். முதல் பாகத்தைத்தான் திரும்ப எடுத்தேன். பெரியம்மா பிரட்டிவிட்ட பக்கங்களை எல்லாம் வாசித்து முடித்தபோது விளங்கியது, அவவுக்கு ஏன் அத்தனை தண்ணீர் தேவைப்பட்டது என்று.

யூடி பொண்ணு:

ஐயோ பெரியவர்களே, உங்களுக்குக் கிழிந்த பக்கம். எங்களுக்கு எழுதியவரே காணாமல் போய்விடுவார்.

இணையத்தில் ஒரு காதல் நாவல் படித்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு இரண்டு யூடி. (அப்டேட் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) கட்டாயக் கல்யாணம், கோபக்கார ஹீரோ, வழக்கமான கதைதான், ஆனால் அந்த அக்கா எழுதிய விதம் அப்படி இழுக்கும். 38-ஆவது எபியில் (எபிசோடில்) ஹீரோ ஏன் அப்படி இருக்கிறான் என்று பிளாஷ்பேக் தொடங்கியது. “பையனுக்குக் காய்ச்சல் பிரெண்ட்ஸ், மீதி நாளைக்கு” என்று முடித்திருந்தார். அதுதான் கடைசி. மூன்று வருஷம் ஆகிறது.

நான் இன்னும் அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். அதன் கீழே இப்போதும் யாராவது வந்து, “சிஸ், தம்பிக்கு இப்போ எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தம்பி இந்நேரம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பான்.

பழைய நூலகர்:

எழுத்தாளர் காணாமல் போவது புதிது இல்லை, யூடி பொண்ணு. கல்கியே 1954 டிசம்பரில் காலமானபோது ‘அமரதாரா’வைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் போனார். அவர் மகள் ஆனந்தி குறிப்புகளை வைத்துக்கொண்டு எழுதி முடித்தார். சுஜாதா குமுதத்தில் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்று ஒரு தொடர் ஆரம்பித்து, சில வாரத்தில் எதிர்ப்பு வந்து நின்றுபோனது. பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று வேறு பெயரில் வந்தது.

காவிரிக்கரை சொன்ன நாவல் முழுசாக வந்ததுதான். ஆனாலும் சட்டென்று முடிந்துவிட்டது, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டுத் துளைத்ததால் கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. உங்கள் பைண்டிங்கில் அது இருக்கிறதா, பாருங்கள்.

பைண்டர் மகன்:

அப்பா திருவல்லிக்கேணியில் பைண்டிங் பட்டறை வைத்திருந்தார். தொடர்கதை பைண்டிங்தான் பாதி வருமானம். மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார், அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. முதுகுக்குக் காலிகோ துணி.

பத்திரிகையில் பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஒரு தொடர் முடிகிற பக்கத்தின் முதுகிலேயே அடுத்த தொடர் ஆரம்பித்துவிடும். மாமியாருக்குச் சரித்திரக் கதை வேண்டும், மருமகளுக்குக் குடும்பக் கதை வேண்டும். தாளோ ஒன்று. எங்கள் பட்டறை வாசலிலேயே சண்டை நடந்திருக்கிறது. வசதி உள்ளவர்கள் இரண்டு பிரதி வாங்கினார்கள்.

அப்பா கதை படிக்க மாட்டார். அத்தியாய எண்ணையும் “தொடரும்” என்பதையும் மட்டும் பார்ப்பார். எண் தாண்டினால் கட்டை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு ஆள் அனுப்புவார், “முப்பத்திரண்டு இல்லை, என்ன செய்ய?” என்று. முக்கால்வாசிப் பேர், “வெள்ளைத் தாள் வைத்துத் தைத்துவிடுங்கள், கிடைத்ததும் ஒட்டிக்கொள்கிறோம்” என்பார்கள். ஒருவர்கூட ஒட்டி நான் பார்த்ததில்லை.

காவிரிக்கரை, ஒரு சந்தேகம். உங்கள் பாட்டி எழுதிய தாள் மற்ற பக்கங்களைவிடத் தடிமனாக, கணக்கு நோட்டுத் தாள் மாதிரி இருக்கிறதா? அப்படியென்றால் அது பைண்டர் வைத்த தாள். முதலில் தைத்தாகிவிட்டது, எழுதியது அப்புறம்தான்.

காவிரிக்கரை:

எடுத்துப் பார்த்தேன். தடிமன்தான். முதுகுப் பக்கம் மடிப்புக்குள் எழுத்து போகவே இல்லை, தைத்த புத்தகத்தில் எழுதினால் எப்படி ஓரம் விடுவோமோ அப்படி விட்டிருக்கிறது. அதைவிட முக்கியம், எழுதியிருப்பது பால்பாயிண்ட் பேனாவில். இத்தனை வருஷம் கண்ணில் பட்டும் கவனிக்கவில்லை. படகுக் கட்டம் வந்தது 1951 வாக்கில். அப்போது எங்கள் வீட்டில் ஏது பால்பாயிண்ட்? தாத்தாவிடம் இருந்ததே ஒரு தொட்டெழுதும் பேனாதான்.

அப்படியானால் பாட்டி அதை எழுதியது பல வருஷம் கழித்து. அதற்குள் அச்சுப் புத்தகம் வந்துவிட்டது, ஊரில் நூலகமும் இருந்தது. வேண்டுமென்றால் அந்த அத்தியாயத்தைப் பார்த்தே எழுதியிருக்கலாம். எதிர்வீட்டு மாமி என்று ஒருவர் இருந்தாரா என்றே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. சித்தப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். “எதிர்வீடா? அந்தக் காலத்தில் எதிரே வாழைத்தோப்புதானேடி” என்கிறார்.

முடிவுரை இருக்கிறது, நூலகர் ஐயா. அதில் கை வைக்கவில்லை பாட்டி.

கிரைம் பைத்தியம்:

டாக்டர்தான் என்று எழுதியவரும் உங்கள் பாட்டி மாதிரிதானோ என்னவோ.

சென்ட்ரல் பக்கம்:

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1979-இல் மூர் மார்க்கெட்டில் ஒன்றரை ரூபாய்க்கு ஒரு நாவல் வாங்கினேன். அட்டை இல்லை, தலைப்புப் பக்கம் இல்லை, நேரே 33-ஆம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. சியாமளா என்று ஒரு பெண், மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் நீலகிரி ரயிலைத் தவறவிட்டு நிற்கிறாள். கையில் இன்னொருவருடைய பெட்டி. அவளுக்கு உதவி செய்கிற எஸ்டேட் மேனேஜர் கடைசிவரை தன் பெயரைச் சொல்லவே மாட்டான். பெட்டி யாருடையது என்று எனக்குத் தெரியும், கல்யாணமும் ஆகிவிட்டது, எல்லாம் சுபம். ஆனால் அந்தப் பெட்டி அவள் கைக்கு எப்படி வந்தது? அது அந்த முதல் 32 பக்கத்தில் இருக்கிறது.

சென்னைக்கு வரும்போதெல்லாம் இன்னொரு பிரதி கிடைக்குமா என்று மூர் மார்க்கெட்டில் தேடுவேன். 1985 மே மாதம் மார்க்கெட்டே எரிந்துபோயிற்று. அதன்பிறகு பழைய புத்தகக் கடை எங்கே இருந்தாலும் கேட்பேன். தலைப்பு தெரியாமல் கேட்டால் சிரிக்கிறார்கள். யாருக்காவது தெரியுமா?

தஞ்சை மருமகள்:

சியாமளாவா? பெட்டிக்குள் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் இருக்குமே, அந்தக் கதையா?

என் மாமியார் அலமாரியில் இருக்கிறது! அட்டை, முதல் பக்கம் எல்லாம் பத்திரமாக உண்டு. கடைசி இரண்டு பாரம்தான் (சேர்த்து மடித்துத் தைத்த பக்கக் கட்டு) கரையான் தின்றுவிட்டது. மேனேஜர் குன்னூரில் கதவைத் தட்டுகிறான், திறப்பது யார் என்று தெரியாமல் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

சென்ட்ரல் பக்கம்:

அம்மா, கோடி நமஸ்காரம். முதல் 32 பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், உடனே கடைசிப் பக்கங்களை அனுப்பிவிடுகிறேன்.

தஞ்சை மருமகள்:

முதலில் நீங்கள் அனுப்புங்கள்.