கெட்ஆப்ட்டோடு மல்லுக்கட்டிய கதைகள்

உட்லண்ட்ஸ் வாசி:

சி மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் கட்டளை வரியைப் பற்றி, அதாவது நிரலை ஓட்டும்போது அதன் பெயரோடு தட்டும் சொற்களைப் பற்றி, அதிகம் பேசுவதில்லை. உள்ளே நடக்கும் கணக்கில்தான் பெருமை இருக்கிறது என்ற நினைப்பு. நான் பார்த்தவரை, ஹைஃபனில் தொடங்கும் ஆப்ஷன்களைப் படிக்கும் முதல் இருபது வரிகளிலேயே இடறி விழுந்த நிரல்கள் ஏராளம். அந்த ஆப்ஷன்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரும் சி நூலகச் செயற்கூறுதான் கெட்ஆப்ட். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

தொழிற்சாலைகளுக்கு அளவைக் கருவி செய்து தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கோப்பில் பதியும் நிரல் ஒன்று இருந்தது, எனக்கு முன் இருந்தவர் எழுதியது. மடிக்கணினியில் ஒழுங்காக ஓடியது. ஆர்ம் சில்லு வைத்த பலகையில் ஏற்றியதும் ஒரு வரிகூடப் பதியவில்லை; செயலி மட்டும் நூறு விழுக்காட்டில் நின்றது. சென்சாரைச் சந்தேகித்தோம், கம்பியைச் சந்தேகித்தோம். சக ஊழியர் சிம் லிம் ஸ்குவேருக்கே போய்ப் புதிய இணைப்பி வாங்கி வந்தார். ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியைப் போட்டு நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நிரல் கெட்ஆப்ட் லூப்பை விட்டு வெளியே வரவே இல்லை.

கெட்ஆப்ட் திருப்பித் தருவது இன்ட் எனும் முழு எண் வகை. ஆப்ஷன்கள் தீர்ந்ததும் -1 தரும். அந்த மனிதர் அதை ஒரே பைட் கொள்ளும் கேர் வகை மாறியில் வாங்கியிருந்தார். இன்டெல் லினக்ஸில் கேர் குறியுள்ளது, அதாவது எதிர்மறை எண்களையும் கொள்ளும் என்பதால் -1 அப்படியே நிற்கும். ஆர்ம் லினக்ஸில் குறியற்றது. உள்ளே போன -1, 255 ஆகிவிடும். 255 எந்தக் காலத்திலும் -1 ஆகாது, லூப்பும் முடியாது. ஸ்விட்ச்சின் டிஃபால்ட் கிளையில் வெறும் பிரேக் மட்டும் இருந்ததால் பிழைச் செய்தியும் இல்லை. ஓர் எழுத்தைப் படிக்கும் கெட்கேர் தருவதைக் கேரில் வாங்காதே என்று பாடநூல்கள் எச்சரிக்கின்றனவே, அதே நோய்தான். ஆரம்பகால ஆர்ம் சில்லுகளில் ஒரு பைட்டைக் குறியோடு ஏற்றும் கட்டளையே கிடையாது. குறியற்றதாக வைத்துக்கொள்வதுதான் அங்கே சிக்கனம்.

ஆப்பிளின் ஆர்ம் கணினிகளில் கேர் குறியுள்ளதுதான். ஆகவே மேக் வைத்திருப்பவர் 'எனக்கு ஓடுகிறதே' என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். இன்டெல் கணினியிலேயே சோதிக்க ஜிசிசி கம்பைலருக்கு -எஃப்அன்சைன்ட்-கேர் கொடுங்கள். கூடவே -டபிள்யூஎக்ஸ்ட்ரா இருந்தால் அந்த ஒப்பீட்டில் அர்த்தமில்லை என்று கம்பைலரே முனகும்.

பொங்கோல் ஆசிரியை:

அண்ணா, உங்களுக்காவது சில்லு மாறியது. என் மாணவர்களுக்குக் கோடு மாறுகிறது.

பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் சி பாடம் எடுக்கிறேன். ஆய்வகத் தாளை யாரோ சொற்செயலியில் தட்டச்சு செய்திருந்தார்கள். அது தன் இஷ்டத்துக்கு ஹைஃபனை நீளக்கோடாக மாற்றிவிட்டது. பிள்ளைகள் அங்கிருந்து நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஹைஃபன் ஒரே பைட். நீளக்கோடு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் மூன்று பைட். கெட்ஆப்ட் முதல் பைட்டை மட்டும் பார்த்து 'இது ஆப்ஷன் இல்லை' என்று ஒதுக்கிவிடும். நிரலோ அதைக் கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது. 'மிஸ், நான் ஆப்ஷன்தானே கொடுத்தேன்' என்று அவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இப்போதெல்லாம் முதல் வகுப்பிலேயே கட்டளை வரியை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஓடி கருவிக்குக் குழாய்வழி அனுப்பி பைட்டுகளை எண்ண வைத்துவிடுகிறேன்.

ஹைஃபன் ஒன்றுக்குப் பின்னால் பல எழுத்துகளைச் சேர்த்து எழுதலாம் என்பதை விளக்கக் காப்பிக்கடையே போதும். 'கோப்பி சி கோசோங் பெங்' என்று ஒரே மூச்சில் சொன்னால் கடைக்காரர் ஆவிப்பால், சீனி வேண்டாம், ஐஸ் என்று பிரித்துக்கொள்கிறார் அல்லவா? தகராறு வருவது விருப்ப மதிப்பில்தான். எந்தெந்த எழுத்துகள் ஆப்ஷன் என்று கெட்ஆப்ட்டிடம் சொல்லும் ஆப்ஷன் சரத்தில் இரட்டை முக்காற்புள்ளி போட்டால் மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தால் எழுத்தோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும். இடைவெளி விட்டீர்களோ, மதிப்பு தனியாகக் கழன்று கோப்பின் பெயராகிவிடும். இது குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் கொடுத்த வசதி, போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் பொதுத் தரத்தில் கிடையாது. என்னைக் கேட்டால் இதை யாரும் பயன்படுத்தவே கூடாது.

ஜாலான் புசார் தன்னார்வலர்:

தமிழில் ஆப்ஷன் வைத்துப் பார்த்தவர் யாராவது உண்டா? நாங்கள் வைத்தோம்.

சொற்பட்டியல்களைத் தமிழ் அகரவரிசையில் அடுக்க ஒரு சிறு கருவி எழுதினோம். (யூனிகோடு எண் வரிசையை அப்படியே நம்பினால் ன, ந-வின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும். நம் மரபில் மெய்யெழுத்துகளில் அதற்குக் கடைசி இடம்.) பயன்படுத்தப்போகிறவர்கள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள். அவர்களுக்காக ஆப்ஷன்களையும் தமிழிலேயே வைத்தோம்: --தேடு, --தொகு, --வரிசை.

நீண்ட ஆப்ஷன்கள் முதல் முயற்சியிலேயே வேலை செய்தன. அவற்றைப் படிக்கும் கெட்ஆப்ட்_லாங் பெயர்களை பைட் பைட்டாக ஒப்பிடுகிறது. எந்த மொழி என்று அதற்குக் கவலை இல்லை. ஒற்றை எழுத்து ஆப்ஷனோ நடக்கவே நடக்காது. அ என்ற எழுத்து யூடிஎஃப்-8இல் மூன்று பைட். -அ என்று கொடுத்தால் மூன்று தெரியாத ஆப்ஷன்கள் என்று மூன்று பிழைச் செய்திகள் வரும், ஒவ்வொன்றிலும் ஓர் உடைந்த குறி. சரி, நீண்ட பெயர்களே போதும் என்று விட்டோம்.

அடுத்த வாரம் ஒரு பெரியவர் கூப்பிட்டார். '--தேடு வருகிறது தம்பி, --தொகு மட்டும் தெரியாது என்கிறதே!' திரையில் பார்த்தால் பிழைச் செய்தியில் இருந்த --தொகு எங்கள் உதவித் திரையில் இருந்த --தொகு போலவே இருந்தது, எள்ளளவும் வேறுபாடு இல்லை. ஒகர உயிர்மெய்யை யூனிகோடில் இரண்டு வழியில் எழுதலாம் என்பதுதான் விஷயம்: ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. அவருடைய விசைப்பலகை இரண்டாவது வழியில் எழுதியது. பைட்டை எண்ணும் ஒப்பீட்டுக்கு அந்தச் சமத்துவம் தெரியாது. ஓ, ஔ வரிசைகளுக்கும் இதே கதிதான்.

ஆர்க்வியில், அதாவது கட்டளை வரிச் சொற்களின் பட்டியலில் உள்ள ஆப்ஷன் பெயர்களை யூடிஎஃப்8ப்ராக் நூலகத்தால் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு கெட்ஆப்ட்_லாங்கிடம் கொடுக்கிறோம். நிரலில் எழுதிய ஆப்ஷன் பெயர்களும் அதே வடிவத்தில்தான் இருக்கின்றன. கோப்புப் பெயர்களை மட்டும் மாற்றக் கூடாது; லினக்ஸில் அவையும் பைட்டுகள்தாம், மாற்றினால் இருக்கிற கோப்பே கிடைக்காமல் போய்விடும். அதனால் இரட்டை ஹைஃபனோடு தொடங்குகிறவற்றில், சமக்குறிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் மாற்றுகிறோம்.

உதவித் திரையில் நெடுவரிசைகள் நேராக நிற்காதது தனிக் கதை. திரையில் அச்சிடும் பிரின்ட்எஃப் அகலத்தை பைட்டில் எண்ணுகிறது. அந்த விளக்கங்களை நாங்கள் கையாலேயே அடுக்கினோம்.

தெம்பனிஸ்காரன்:

தமிழ் ஆப்ஷன் அருமை! அந்தப் பெரியவருக்கு என் வணக்கம்.

எனக்கு குனு கெட்ஆப்ட்டோடு தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. ஆர்க்வியை அது வரிசை மாற்றுகிறது. கோப்பின் பெயருக்குப் பின்னால் ஆப்ஷன் எழுதினாலும் தேடிப் பிடித்து முன்னால் கொண்டுவருகிறது. வசதிதான். ஆனால் வேறொரு கட்டளையை ஓட்டுவதற்கென்றே ஒரு நிரல் எழுதிப் பாருங்கள், நேரக்கட்டுப்பாட்டோடு ஓட்டுவது போல. எங்கள் குழுவில் அப்படி ஒன்று இருந்தது. உள்ளே ஓட வேண்டிய கட்டளைக்கு 'விரிவாகப் பேசு' என்று கொடுத்த -வி-யை வெளி நிரல் விழுங்கிவிட்டது. உள்நிரல் மௌனமாக ஓடியது, வெளிநிரல் வளவளவென்று பேசியது. ஆப்ஷன் சரத்தின் தொடக்கத்தில் ஒரு + போட்டால் முதல் சாதாரணச் சொல்லிலேயே நின்றுவிடும். போசிக்ஸ்லி_கரெக்ட் என்ற சூழல் மாறியை வைத்தாலும் அதே பலன். ஆனால் பயனரின் சூழலை நம்பி நிரல் எழுதுவது எனக்குப் பிடிக்காது.

பொங்கோல் ஆசிரியை:

தம்பி, அந்த வரிசை மாற்றம் இருப்பதால்தான் என் மாணவர்கள் பிழைக்கிறார்கள். குனுவைக் குறை சொல்லாதீர்கள்.

தெம்பனிஸ்காரன்:

அக்கா, அதே மாணவர்களை ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னரில் ஓட்டச் சொல்லுங்கள். அங்கே இருப்பது மஸ்ல் என்ற வேறொரு சி நூலகம். அதன் கெட்ஆப்ட் முதல் சாதாரணச் சொல்லிலேயே நின்றுவிடும். மேக்கிலும் அப்படித்தான். உபுண்டுவில் பழகிய கை அங்கே தடுமாறும்.

குவீன்ஸ்டவுன் மூத்தவர்:

இருவரும் சண்டையை நிறுத்துங்கள். கெட்ஆப்ட் வருவதற்கு முன் ஒவ்வொரு கருவியும் தன் மனம்போல ஆப்ஷனைப் படித்தது. அந்தக் காலத்தின் மிச்சம்தான் தரவை நகலெடுக்கும் டிடி கட்டளை. ஹைஃபனே இல்லாமல் சமக்குறியோடு நிற்கிறது பாருங்கள். யூனிக்ஸ் சிஸ்டம் 3 உடன் கெட்ஆப்ட் வந்தது. 1985இல் டாலஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் ஏடி அண்ட் டி அதன் மூல நிரலை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டது. அந்தச் சிறிய செயற்கூறு ஆப்ட்ஆர்க் (ஆப்ஷனின் மதிப்பு), ஆப்ட்இண்ட் (அடுத்துப் படிக்க வேண்டிய இடம்) என்று பொது மாறிகளை வைத்துக்கொண்டு வேலை செய்ததால்தான் இன்றும் அதே மாறிகளை நாம் சுமக்கிறோம். ஒரே நிரலுக்குள் பல வேலைகள் இணையாக ஓடும் த்ரெட் என்ற பேச்சே அப்போது அதன் எண்ணத்தில் இல்லை.

தை செங் இரவுப்பணி:

தரவு மையத்தில் இரவுப்பணி. என் கதையில் கருவி எழுதியவர் மேல் குற்றமில்லை, அதை அழைத்தவர் மேல்தான்.

பயனர் தரும் பெயரை அப்படியே இன்னொரு நிரலின் ஆர்க்வியில் வைக்கிறார்கள். பெயர் ஹைஃபனில் தொடங்கினால்? 2007இல் சோலாரிஸ் இயங்குதளத்தில், தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் டெல்நெட் சேவையில் நடந்தது இதுதான். பயனர் பெயர் என்று -எஃப்ரூட் கொடுத்தால் லாகின் நிரல் அதை '-எஃப் ஆப்ஷன், மதிப்பு ரூட்' என்று படித்தது. கடவுச்சொல் கேட்காமல், முழு அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவே உள்ளே விட்டது. இரண்டு ஹைஃபன்களை மட்டும் தனியாக வைத்தால் அதற்குப் பின் வருவது எதுவும் ஆப்ஷன் அல்ல என்ற விதி இருப்பதே இதற்காகத்தான். எங்கள் இடத்தில் ஹைஃபனில் தொடங்கும் கோப்பு ஒன்றை யாரோ உருவாக்கிவிட, சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட் ஒவ்வோர் இரவும் அதில் மோதி நின்றது. கோப்புப் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

இன்னொன்று, ஆர்க்வியில் எத்தனை சொற்கள் என்று சொல்லும் ஆர்க்சி குறைந்தது 1 இருக்கும் என்று நம்பும் நிரல்கள். சி தரம் அப்படி உறுதி தரவில்லை; பூச்சியமாகவும் இருக்கலாம். இன்னொரு பயனரின் அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் பிகேஎக்ஸெக் நிரலில் லூப் 1இலிருந்து தொடங்கியது. ஆர்க்சி பூச்சியமானால் லூப் ஓடாது, எண் 1இலேயே நிற்கும். அதன் பிறகு ஆர்க்வியின் 1ஆம் இடத்தைப் படித்து, அதில் எழுதவும் செய்தது. லினக்ஸ் நினைவகத்தில் ஆர்க்விக்கு அடுத்து இருப்பது சூழல் மாறிகளின் பட்டியல். அந்த ஓட்டை வழியே சாதாரணப் பயனர் ரூட் ஆகலாம். 2009 முதல் இருந்த பிழை, 2022 ஜனவரியில் வெளியே வந்தது. லினக்ஸ் கெர்னல் 5.18இலிருந்து, காலியான ஆர்க்வியோடு அழைத்தாலும் ஒரு வெற்றுச் சரத்தைச் சேர்த்தே நிரலைத் தொடங்குகிறது.

கடவுச்சொல்லை ஆப்ஷனாக வாங்கும் நிரல்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் விடிந்துவிடும். ஓடும் நிரல்களைக் கட்டளை வரியோடு காட்டும் பிஎஸ் கட்டளை தெரிந்த யாருக்கும் அது தெரியும் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

புக்கிட் பாத்தோக்:

நீண்ட ஆப்ஷனைச் சுருக்கி எழுதினாலும் கெட்ஆப்ட்_லாங் ஏற்றுக்கொள்ளும், வேறு எதனோடும் குழம்பாத வரைக்கும். யாரோ ஸ்கிரிப்டில் --அவுட் என்று சுருக்கியிருந்தார்கள், முழுப்பெயர் --அவுட்புட். புதிய பதிப்பில் --அவுட்டிர் சேர்த்தோம். அன்றிரவே ஸ்கிரிப்ட் படுத்துவிட்டது. குனுவின் சி நூலகமான ஜிலிப்சியில் இந்தச் சுருக்கத்தை அணைக்க வழியும் இல்லை. சரத்தை எண்ணாக்கும் ஏடிஓஐ-யும் அப்படித்தான் சத்தமில்லாமல் கழுத்தறுக்கும்: எண்ணுக்குப் பதில் எழுத்தைக் கொடுத்தால் 0 என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அதற்குப் பதில் ஸ்ட்ர்டோல் போட்டு, முடிவுச் சுட்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ஈசூன் மாணவன்:

அண்ணன்களே, ஒரு சந்தேகம். சோதனை நிரலில் கெட்ஆப்ட்டை வெவ்வேறு ஆர்க்வியோடு பலமுறை அழைக்கிறேன். முதல் முறை சரி, இரண்டாம் முறை உடனே -1 வருகிறது.

உட்லண்ட்ஸ் வாசி:

தம்பி, மூத்தவர் சொன்ன பொது மாறிகள்தாம் காரணம். ஆப்ட்இண்ட் முதல் சுற்றின் முடிவிலேயே நிற்கிறது. பொதுவாக அதை 1 ஆக்கிவிட்டு மறுபடி அழைத்தால் போதும். ஆப்ஷன் சரத்தின் தொடக்கத்தில் + வைத்திருந்தாலோ, சூழல் மாறியைச் சோதனைக்கு நடுவில் மாற்றினாலோ ஜிலிப்சியில் 0 ஆக்குங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் மறைந்த நிலையும் புதுப்பிக்கப்படும். மேக்கிலும் பிஎஸ்டி வகைகளிலும் ஆப்ட்ரீசெட் என்று தனி மாறி இருக்கிறது. அங்கே அதையும் 1 ஆக்கி, ஆப்ட்இண்ட்டையும் 1 ஆக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஓட வேண்டுமென்றால் இடத்துக்கேற்ப வரிகளைத் தேர்ந்தெடுக்கும் இஃப்டெஃப் போட்டுப் பிரித்துவிடுங்கள்.