கூத்தம்பலம் மாதிரி சபா ஹால்: சாரல் உள்ள வருமா வராதா?

கூரைக்காரன்: "சென்னைக்கு வெயில் ஒண்ணுதான் சீசன், நாலு பக்கமும் செவுரு எழுப்பி ஏசி போட்டா சபா ஹால் ரெடி"ன்னு ஒரு மேதாவி எழுதிருக்கார், படிச்சதும் பத்திக்கிட்டு வந்துது. திருச்சூர் வடக்குநாதர் கோயில் கூத்தம்பலத்தை, அதான் கேரளக் கோயில்ல கூத்து நடக்குற மண்டபத்தை, போய் பாருங்க சார், சுத்தி மரச்சட்டம் இடுக்கு விட்டு நிக்குது, சரிவா எறங்குற கூரை, காத்து உள்ள வரும், மழை வராது.

ஏசிவாசி: அந்த மேதாவி நான்தான். மழை வராது சரி, சாரல்?

கூரைக்காரன்: அதுக்குத்தான் கூரை ஓரத்தை, அதான் இறவாரத்தை, நீட்டி எறக்கிருக்காங்க.

ஏசிவாசி: கேரளாவுல தென்மேற்குப் பருவமழை. இங்க ஐப்பசி கார்த்திகையில கடல்லேர்ந்து காத்தோட வந்து படுக்கவாட்டுல அடிக்கும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்னிக்கு உங்க மரச்சட்டம் ஓரமா உக்காந்து கச்சேரி கேப்பீங்களா?

கூரைக்காரன்: அன்னிக்கு ஊர்ல பாதிக்கு கரண்டே இல்ல, உங்க ஏசி மட்டும் என்னத்த கிழிச்சுது? திருவான்மியூர் கலாக்ஷேத்ரா கூத்தம்பலம், அப்புக்குட்டன் நாயர் போட்ட கட்டட பிளான், கடலுக்குப் பக்கத்துலதானே இத்தனை வருஷமா நிக்குது?

ஏசிவாசி: நிக்கறதை யார் கேட்டா? சாரல் வருமா வராதா?

தனி ஆவர்த்தனம்: நடுவுல ஒரு வார்த்தை, மிருதங்கம் வாசிக்கிறவன் சொல்றேன். ஈரக்காத்துல தோல் தொய்ஞ்சு மிருதங்கம் சுருதி எறங்கும், ஏசியில காஞ்சு ஏறும். ரெண்டு பேர் ஹால்லயும் கல்லும் கட்டையுமா தட்டிக்கிட்டு உக்காந்திருக்கப்போறது நாங்கதான்.

ஏசிவாசி: நீங்க தட்ட ஆரம்பிச்சாலே ஜனம் கேன்டீனுக்குக் கிளம்பிடுது.

தனி ஆவர்த்தனம்: ரசனை இல்லாதவங்க கிளம்பத்தான் செய்வாங்க. போன சீசன்ல தப்புத் தாளம் போட்டு பக்கத்து சீட்டுல திட்டு வாங்கினது நீங்கதானே?

கூரைக்காரன்: தாளச் சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க. மார்கழி சாயங்காலம் வெளில சில்லுனு காத்து, சும்மா ஜன்னலைத் திறந்தா போதும், ஆனா ஜன்னலே கிடையாது, உள்ள ஏசியை 18ல வெச்சு, என் முன்வரிசை மாமி சால்வையை காதோட சுத்திக்கிட்டு மஃப்ளர் மாமாகிட்ட "கல்யாணி ராகம் முடிஞ்சுதா"ன்னு கேக்கறாங்க, காது மூடியிருந்தா எப்படிக் கேக்கும்? சித்திரையில சாத்து, ஏசி போடு, மார்கழியில திற, மழைக்கு ஓலைத்தட்டி மாதிரி எறக்கி விடு, இது எங்க பாட்டி வீட்டுத் திண்ணையிலேயே இருந்துது!

ஏசிவாசி: திறந்தா ஆட்டோ ஹாரனும் காக்காவும் கூடவே பாடும்.

கூரைக்காரன்: காக்காவுக்கு சுருதி சேரும், உங்களுக்கு?

ஏசிவாசி: பர்சனலா போகாதீங்க. தட்டியை எறக்கினா காத்து எப்படி வரும்? எறக்கலைன்னா சாரல். பதில் சொல்லுங்க.

கூரைக்காரன்: மேல எழுதினதை முதல்ல படிங்க. இறவாரம். இ-ற-வா-ர-ம்.

தனி ஆவர்த்தனம்: அந்தக் கேன்டீன் கமென்ட்டுக்கு இன்னும் மன்னிப்பு வரல.